கிளிநொச்சிக் குடியேற்ற வரலாற்றுக்குக் கடதாசி தந்தவர்களுக்கு நன்றி

அன்பான காணிக்காரருக்கும் பிள்ளைகளுக்கும்,

குடியேற்றத்தின் வரலாற்றைத் தொகுக்கக் கேட்டபோது றங்குப்பெட்டியைத் திறந்து பேமிற்றையும் (அரசு காணி தந்த அனுமதிப் பத்திரம்) வரைபடத்தையும் படங்களையும் எடுத்துத் தந்தீர்கள். 1996இலும் 2008இலும் போரால் வீடுவாசலை விட்டு வெளிக்கிட்டபோதும் கைவிடாத கடதாசிகள் அவை. அவற்றைப் பிறத்தியார் கையில் கொடுக்க எவ்வளவு நம்பிக்கை வேண்டும்!

கிளிநொச்சி வயல்களுக்குத் தண்ணீர் தரும் இரணைமடுக் குளத்தின் வேலை 1902இல் தொடங்கி 1920களின் தொடக்கத்தில் முடிந்தது. 1930களில் குடியேற்றம் வந்தது. பழைய பேமிற் பலவற்றில் 'யாழ்ப்பாண மாவட்டம்' என்றிருப்பதைப் பார்த்துப் பிழையான கடதாசியோ என்று சிலர் பயந்தீர்கள். பயம் வேண்டாம். கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இல். அதற்கு முந்திய கோவைகளை யாழ்ப்பாணக் கச்சேரி (மாவட்டச் செயலகம்) பக்கமும் தேடவேண்டும்.

அளவுகளை வாசித்துத் தந்த ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஐயாவுக்குத் தனி நன்றி. வரைபடத்தில் 3-2-10 என்றிருந்தால் 3 ஏக்கர், 2 றூட், 10 பேர்ச். ஒரு ஏக்கர் 4 றூட், ஒரு றூட் 40 பேர்ச், 10 பேர்ச் ஒரு பரப்பு. ஆகவே 48, 8, 1 எனக் கூட்ட 57 பரப்பு வருகிறது. இதை 3.21 ஏக்கர் என்று பதிந்தால் ஐந்தரைப் பரப்புக்கு மேல் காணாமற் போய்விடும். முதற் பதிவில் இப்படி நேர்ந்த பிழைகளை ஒவ்வொன்றாகத் திருத்தித் தந்தவர் அவர்தான். எல்லைக்கல் இல்லாத காணிகளில் பழைய கிணற்றையும் வாய்க்கால் மதகையும் காட்டி இடம் குறித்த பெரியவர்களையும் மறக்கமாட்டோம்.

படமெடுத்த தம்பி தங்கச்சிமாரே, கடதாசியின் பின்பக்கத்தையும் விடாமல் எடுத்தீர்கள். பெயர்மாற்றக் குறிப்பு அனேகமாக அங்கேதான் கிடக்கிறது. சின்னப் படங்களை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கான் செய்தபடியால்தான் கூரைக் கிடுகின் வரிச்சும் தெரிகிறது. கண்ணாடியோடு ஒட்டிய படத்தை உரிக்காமல் கண்ணாடிக்கு மேலாலேயே, வெளிச்சம் சரிவாக விழ எடுத்ததும் சரியான வேலை. உரித்தால் முகம் கண்ணாடியோடு போயிருக்கும். படத்தில் நிற்பவர் ஆர் எவர் என்று சொன்ன அம்மாமாரின் பேச்சைப் பின்னால் பென்சிலால் மெல்ல எழுதியிருக்கிறோம். பேனை மை முன்பக்கம் ஊறும்.

மூலங்கள் எல்லாம் உங்கள் கைக்கே திரும்பிவிட்டன. தயவுசெய்து அவற்றை லமினேற் பண்ணாதீர்கள். உள்ளே அகப்பட்ட ஈரம் மையைக் கரைக்கும், பிறகு பிளாஸ்ரிக்கைக் கழற்றவும் இயலாது. செலோரேப்பும் வேண்டாம், பசை மஞ்சளாகிக் கறை விடும். ஈரம் பட்டதை வெயிலில் போடாமல், நிழலில் வெள்ளைத் துணிமேல் விரித்துக் காயவிடுங்கள். பெட்டியை நிலத்தில் வைக்காமல் உயர்த்தி வையுங்கள், கறையான் இலகுவில் ஏறாது.

நன்றியுடன்,
தொகுப்பு வேலை செய்தவர்கள்