ரேஸ் வாரத்தில் அப்பாவுக்கு ஒரு கடிதம்

சிங்கப்பூர்
6.10.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்கள், அம்மா, அக்கா, பிள்ளைகள் எல்லோரும் நலமா? நோட்டுத் தாளில் நீங்கள் எழுதியதை மச்சான் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். ஆடியில் வந்ததற்கே நான் பதில் போடவில்லை, இப்போது புரட்டாசியும் முடியப் போகிறது. கோபப்பட வேண்டாம். போனில் பேசினால் அம்மா பாதியிலேயே அழ ஆரம்பித்துவிடுகிறார்கள், உங்களிடம் எதையும் முழுசாகச் சொல்ல முடிவதில்லை.

“சிங்கப்பூரில் வேலை நின்றுபோச்சு” என்று சின்ன மாமா மகன் டீக்கடையில் சொல்லிவிட்டுப் போனானாமே. அவனுக்கு வேறு வேலை இல்லை. இங்கே எஃப் ஒன் கார் ரேஸ். 2008இலிருந்து நடக்கிறது, கொரோனாவால் 2020, 2021 மட்டும் நடக்கவில்லை. தனி மைதானம் கிடையாது. தினமும் பஸ் போகிற ரோட்டிலேயே, ராத்திரியில் விளக்குப் போட்டு, 62 சுற்று ஓட்டுகிறார்கள். அதற்காகச் செவ்வாய் நள்ளிரவோடு மூடிய ரோடு நாளை விடியும்போதுதான் திறக்கும். எங்கள் சைட் அந்த ரோட்டை ஒட்டிய தெருவில் இருக்கிறது. அதனால் வேலை நிற்கவில்லை, தளம் போடுவது மட்டும் இந்த வாரம் இல்லை. ஊரில் காப்புக் கட்டிவிட்டால் நீங்கள் தளம் போட ஒப்புக்கொள்ள மாட்டீர்களே, அது மாதிரிதான்.

நீங்கள் கொத்தனார், அதனால் விவரமாகவே எழுதுகிறேன். இங்கே கான்கிரீட்டை சைட்டில் கலப்பதில்லை. பிளாண்டில் கலந்து, சுழலும் லாரியில் வரும். ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்குள் கொட்டியாக வேண்டும். ஒரு லாரிக்கும் அடுத்ததற்கும் நடுவில் நேரமாகிவிட்டால் முன்னது இறுகி, புதிது அதோடு சேராமல் நடுவில் ஒட்டு விழுந்துவிடும். ரோடு மூடியிருக்கும்போது லாரி எங்கே மாட்டிக்கொள்ளும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் தேதியைப் பின்னாலிருந்து எண்ணிக்கொண்டு வருவோம். ரோடு மூடும் வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை கடைசித் தளம், அதற்கு முன் கம்பி கட்டி இன்ஸ்பெக்‌ஷன், அதற்கும் முன் பலகை அடிப்பது. இந்த வருஷம் இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொண்டது. நாடு உருவாகி 60 வருஷம் என்று ஆகஸ்ட் 9 அணிவகுப்பை பாடாங் மைதானத்தில் வைத்தார்கள். ஒத்திகை எல்லாம் சனிக்கிழமையில், அதற்கும் அந்தப் பக்கத்து ரோட்டை மூடிவிடுவார்கள். அந்த மாதங்களில் சனிக்கிழமையை நம்பி எதையும் வைக்க முடியவில்லை.

ரேஸ் வாரம் முழுக்க உள்வேலைதான். பிளாக் கட்டுவது, பூச்சு, டைல்ஸ். மணலும் சிமென்ட் மூட்டையும் முன்பே பேஸ்மெண்டில் அடுக்கிவிட்டோம். அப்படியும் வியாழக்கிழமை டைல்ஸ் பசை தீர்ந்துபோச்சு. லாரி வர வழியில்லை. கழுத்தில் டிக்கெட் தொங்க வெள்ளைக்காரர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு நடக்கிற நடைபாதையில், நாங்கள் தோளில் பசை மூட்டையோடு போனோம். ஓர் அம்மா ஒதுங்கி நின்று எங்களையும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்.

எல்லாக் கட்டடமும் ரேஸுக்கு வழிவிடும்போது, ஒரே ஒரு இடத்துக்கு ரேஸே வழிவிட்டது. மரினா பே மிதக்கும் மேடையைத் திருத்திக் கட்டுவதற்காக, 2023இல் கார் போகிற பாதையையே மாற்றி 23 வளைவை 19 ஆக்கிவிட்டார்கள். அரசாங்க வேலை என்றால் சும்மாவா?

எனக்கு மேல் கட்டிலில் படுக்கிறவன் பங்களாதேஷ்காரன், ஒரு விசித்திரப் பிறவி. அவனுக்குச் சைக்கிள்கூட ஒழுங்காக ஓட்ட வராது. ஆனால் ரேஸ் ஓட்டுகிற இருபது பேரின் பெயரும் அத்துப்படி. நேற்று ராத்திரி ரஸ்ஸல் ஜெயித்ததும் அவன் குதித்த குதியில் பலகைத் தூசி முழுக்க என் முகத்தில். இந்த முறை வெக்கை அதிகம் என்று ரேஸ் நடத்துகிறவர்களே எச்சரிக்கை விட்டு, ஓட்டுகிறவர்கள் குளிர்ந்த தண்ணீர் ஓடும் பனியன் போட்டுக்கொள்ளலாம் என்றார்களாம். அவன் அதைச் சொன்னதும் அறையே சிரித்தது. எங்களுக்கும் சட்டம் இருக்கிறது. ஈரப்பதத்தையும் சேர்த்துப் பார்க்கிற வெக்கை அளவு 32 ஆனாலே, கனமான வேலைக்கு மணிக்கு 10 நிமிடம் ஓய்வு விட வேண்டும். பனியன்தான் இல்லை.

சாப்பாட்டுக்குக் குறையில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். விடிவதற்கு முன்பே பொட்டலம் வந்துவிடும். மதியம் பிரிக்கும்போது சாம்பார் ஒரு மாதிரி வாடை வரும், ஊறுகாய் இருப்பதால் ஓடிவிடுகிறது. இதை அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

ரோடு மூடிய அன்றைக்கே ஆயுத பூஜை. முதல் நாள் ராத்திரி சைட்டில் கரண்டி, மட்டப்பலகை எல்லாம் கழுவி வைத்துப் பொட்டு வைத்தோம். பொரி, நம்ம ஊர்க் கடைகள் இருக்கிற தேக்காவிலிருந்து வந்தது. உங்கள் தூக்குக்குண்டை அம்மா புளி போட்டுத் தேய்த்து, மஞ்சள் துணியில் வைப்பார்களே, அந்த நினைப்பு வந்துவிட்டது. கற்பூரப் புகை என்று சொல்லி வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். இந்த வருஷம் பூஜையில் என் ரசமட்டத்தையும் வைத்தீர்களா? பரண் மேல் நீலப் பையில் இருக்கும்.

அப்புறம், ரேஸால் இந்த மாதம் ஓவர்டைம் குறைவு. அதுவும் நல்லதுதான், உடம்புக்கு ஓய்வு. தீபாவளிச் செலவுக்கு 15ஆம் தேதிக்குள் அனுப்பிவிடுகிறேன். அக்கா பிள்ளைகளுக்குத் துணி எடுத்துவிடுங்கள், எனக்கென்று எதுவும் எடுக்க வேண்டாம். கூட்டுறவு பேங்கில் இருக்கும் அக்கா சங்கிலியை இப்போதே மீட்க வேண்டும் என்று இல்லை. வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைத்துவிடுங்கள். மச்சான் ஏதாவது கேட்டால் என்னிடம் பேசச் சொல்லுங்கள்.

ஐப்பசிக்குள் மாடித் தளம் போட்டுவிடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம் அப்பா. மழைக்காலத்தில் போட்டு ஏன் அவஸ்தைப்பட வேண்டும், தை பிறக்கட்டும். நானும் பொங்கலுக்கு லீவு கேட்டுப் பார்க்கிறேன். சித்தப்பா எல்லைக் கல் விஷயமாக மறுபடி வந்தால் சண்டை போடாதீர்கள், சர்வேயரை வைத்து அளந்துகொள்ளலாம். தூணில் நீட்டி நிற்கிற கம்பிகளுக்கு மட்டும் மழைக்கு முன்னால் சிமென்ட் பால் அடித்துவிடுங்கள், துருப்பிடித்துவிடும்.

தங்கள் அன்பு மகன்,
சரவணன்