ஊட்டி மலை இருக்கட்டும், முதலில் ஒரு சின்ன யார்டு

அன்புள்ள செல்வா,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி மாற்றியாயிற்று. மற்ற ஊர்க்கதையை ஞாயிற்றுக்கிழமை போனில் பேசிக்கொள்ளலாம். இந்தக் கடிதம் முழுக்க நீ யாழினிக்காக வீட்டில் கட்டப்போகிற மாடல் ரயில் விஷயம்தான். போனில் சொன்னால் ‘சரிம்மா, சரிம்மா’ என்று கேட்டுக்கொண்டு உன் இஷ்டப்படிதான் செய்வாய். எழுதிக் கொடுத்தால் பலகை அறுக்கும்போது கையில் இருக்கும்.

நீ அனுப்பிய பிளானைப் பிரிண்ட் எடுத்துப் பார்த்தேன். எட்டடிக்கு நாலடிப் பலகை. கீழே மேட்டுப்பாளையம், மேலே ஊட்டி, நடுவில் இரண்டு குகை, ஒரு வளைவுப் பாலம். படம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நீ இதைக் கட்டி முடிப்பதற்குள் யாழினி காலேஜுக்குப் போய்விடுவாள். ஏழு வயதுப் பிள்ளை கேட்டது ரயில் ஓட்டுவதற்கு. மலை கேட்டது நீ.

முதலில் ஏற்றத்தைப் பார். நீலகிரி ரயில் கல்லாறிலிருந்து குன்னூர் வரை 12க்கு 1, அதாவது பன்னிரண்டடி போனால் ஓரடி, ஏறுகிறது என்றால், அங்கே தண்டவாளத்துக்கு நடுவில் பல் வைத்த சட்டம் இருக்கிறது. இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டுதான் ஏறும். நீ வாங்கிய ஹார்ன்பி கம்பெனி ரயில் செட்டில் இருப்பது நாலு சக்கரக் குட்டி இன்ஜின். அதற்கு வழுவழுப்பான சக்கரமும் சொந்த எடையும்தான் துணை. 40க்கு 1 என்பதே அதற்குப் பெரிய ஏற்றம். ஓ.ஓ. என்கிற உன் மாடல் அளவில் ஒரு லைனுக்கு மேலே இன்னொரு லைன் போக ஏழரை சென்டிமீட்டராவது உயர வேண்டும். ஏழரையை நாற்பதால் பெருக்கு. ஏறுவதற்கு மட்டும் மூன்று மீட்டர், இறங்க இன்னொரு மூன்று மீட்டர். உன் பலகையை ஓரத்தோடு ஒரு சுற்றுச் சுற்றினாலே ஆறு மீட்டர் தேறாது. அப்புறம் ஸ்டேஷனை எங்கே வைப்பாய்? ஸ்டேஷன் மட்டமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கழற்றி விட்ட வேகன் யார் உத்தரவும் இல்லாமல் கிளம்பிவிடும்.

அடுத்து, ஊட்டிப் பக்கம் லைனை வளைத்துத் திருப்பி, வந்த லைனிலேயே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறாய். ஒரு சிவப்புப் பென்சில் எடுத்து இடப்பக்கத் தண்டவாளத்தை மட்டும் வரைந்துகொண்டே போ. திரும்பி வந்து சேருகிற இடத்தில் அது வலப்பக்கத் தண்டவாளத்தில் முட்டும். இந்த மாடல்களில் இரண்டு தண்டவாளமும் மின்சாரத்தின் இரண்டு முனைகள். முட்டினால் ஷார்ட்தான். அந்த வளையத்தைத் துண்டித்துத் தனி ஸ்விட்ச் வைத்துச் சமாளிப்பவர்கள் உண்டு. முதல் லேஅவுட்டிலேயே அந்தத் தலைவலி எதற்கு?

நாலடி அகலப் பலகையைச் சுவரோரம் போட்டால் அந்தக் கோடிக்கு உன் கையே எட்டாது. தடம் புரள்வது என்னவோ எப்போதும் கை எட்டாத மூலையில்தான் (நிஜ ரயிலும் அப்படித்தான்). மேலே பரணில் வைக்கலாமா என்றும் கேட்டிருந்தாய். வேண்டாம். லீட்ஸ் குளிரில் ஈரம் ஏறும், வெயில் காலத்தில் கூரைச் சூட்டில் மரம் முறுக்கிக்கொள்ளும். சும்மா கிடக்கும் அந்தச் சின்ன அறையே போதும்.

என் யோசனை இது. நாலடி நீளம், ஓரடி அகலத்தில், சரக்கு வேகன்களைப் பிரித்துச் சேர்க்கிற ஒரு கூட்ஸ் யார்டு. அவ்வளவுதான்.

முகத்தைச் சுளிக்காதே சாமி, காரணத்தைக் கேள். வட்டமாகத் தண்டவாளம் போட்டால் வண்டி சுற்றும். முதல் நாள் எல்லோரும் கை தட்டுவீர்கள். அந்த வாரம் முடிவதற்குள் யாழினி டேப்லெட்டுக்குத் திரும்பிவிடுவாள். ஏனென்றால் சுற்றுகிற வண்டிக்கு வேலை இல்லை. நான் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த காலத்தில் எந்த வண்டியும் சும்மா நகர்ந்து பார்த்ததில்லை. ஒரு வேகனை எடுக்க, ஒன்றை விட, எதிர் வண்டிக்கு வழி கொடுக்க என்று ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு காரணம் இருந்தது. உன் பிளானில் மலை, குகை, பாலம் எல்லாம் இருக்கின்றன. வண்டி எதற்கு ஊட்டிக்குப் போகிறது என்பது மட்டும் இல்லை.

இதற்கு உங்கள் நாட்டிலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. ஆலன் ரைட் என்பவர் செய்த ‘இங்கிள்நுக் சைடிங்ஸ்’ என்ற மாடல். வண்டியை ஒரு லைனிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பிவிடும் பாயின்ட் இரண்டே இரண்டு, வேகன் நிறுத்தும் கிளை லைன், அதாவது சைடிங், மூன்று. நீளமான சைடிங்கில் ஐந்து வேகன் நிற்கும், மற்ற இரண்டிலும் மூன்று மூன்று. எதிர்ப்பக்கம் இன்ஜினும் மூன்று வேகனும் மட்டும் நிற்கிற அளவுக்கு ஒரு துண்டு லைன். வேகன்களை முன்னும் பின்னும் நகர்த்திப் பிரித்துச் சேர்ப்பதுதான் ஷண்டிங், அதனால் இந்தத் துண்டை நாங்கள் ஷண்டிங் நெக் என்போம். மொத்தம் எட்டு வேகன். எட்டு வேகனின் பெயரையும் சீட்டில் எழுதிக் குலுக்கி ஐந்தை எடுக்க வேண்டும். எந்த வரிசையில் சீட்டு வந்ததோ அதே வரிசையில் அந்த ஐந்து வேகனும் நீளமான சைடிங்கில் வந்து நிற்க வேண்டும். கையால் தூக்கி வைக்கக் கூடாது. எட்டை ஏழு, ஆறு, ஐந்து, நாலால் பெருக்கிப் பார்: 6,720 விதமான வரிசை. பள்ளிக்கூடம் விட்டு வந்து தினம் ஒன்று போட்டாலும் அவளுக்குப் பதினெட்டு வருஷத்துக்குத் தாங்கும்.

நெக்கைப் பெரிதாக்கிவிடாதே. ஒரு வேகன் நீளம் கூட்டினாலும் விளையாட்டு சப்பென்று போய்விடும். இடம் போதாமல் இருப்பதுதான் அதில் ருசி. ஆத்தூரில் சரக்கு வண்டி வந்த நாட்களில் எனக்கும் என் பாயின்ட்ஸ்மேனுக்கும் இருந்த பிரச்சினையும் இதேதான், எங்கள் வேகன் கொஞ்சம் பெரிது.

இனி வாங்குவது. உன் செட்டில் இருக்கும் இன்ஜின், கன்ட்ரோலர் இரண்டும் இதற்குப் போதும். டி.சி.சி., அதாவது ஒவ்வொரு இன்ஜினுக்கும் தனித்தனியாக டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறை, வேண்டுமா என்று கேட்டாய். இரண்டு மூன்று இன்ஜின் ஒரே லைனில் தனித்தனியாக ஓட வேண்டும் என்றால் இன்ஜினுக்குள் டிகோடர் என்ற சின்ன சர்க்யூட் வைத்த அந்த முறை அருமையானது. ஒரே இன்ஜினுக்கு 12 வோல்ட் டி.சி.யே போதும். அந்தக் காசை நல்ல பாயின்டில் போடு. பாயின்டில் தண்டவாளம் ஒன்றையொன்று கடக்கும் முனை, அதுதான் ஃபிராக், சிலவற்றில் பிளாஸ்டிக்காக இருக்கும். வேகமாகப் போகிற பெரிய இன்ஜின் அதைத் தாண்டிவிடும். ஷண்டிங் வேகத்தில் ஊர்கிற நாலு சக்கர இன்ஜின் அங்கே கரண்ட் இல்லாமல் நின்றுவிடும். ஒவ்வொரு தடவையும் விரலால் தள்ள வேண்டியிருந்தால் குழந்தைக்கு வெறுத்துப்போகும். டெவனில் இருக்கும் பெக்கோ கம்பெனி ஃபிராக்கிலும் கரண்ட் வருகிற பாயின்ட் செய்கிறது. அதில் இரண்டு வாங்கு. கரண்டை நெக் பக்கத்திலிருந்து மட்டும் கொடு. பாயின்ட் எந்தச் சைடிங்குக்குத் திரும்பியிருக்கிறதோ அங்கே மட்டும்தான் இன்ஜின் நகரும். பாயின்ட் வேறு பக்கம் திரும்பியிருந்தால் சைடிங்கில் நிற்கிற வண்டி கிளம்பவே கிளம்பாது. எங்கள் சிக்னல் கேபினில் இதற்காக இன்டர்லாக்கிங் என்று ஒரு அறை நிறைய இரும்பு இருந்தது. உனக்கு இரண்டு பாயின்டில் சும்மாவே கிடைக்கிறது.

வேகன்களைப் பழைய சாமான் கடையில் வாங்கலாம், குட்டையான நாலு சக்கர வேகனாகப் பார். பழைய தண்டவாளம் வாங்குவதாக இருந்தால் பையில் ஒரு காந்தம் வைத்துக்கொள். ஒட்டினால் இரும்பு, துரு பிடிக்கும், விட்டுவிடு. நிக்கல் சில்வர் தண்டவாளத்தில் காந்தம் ஒட்டாது.

பலகைக்கு 9 மில்லிமீட்டர் பிளைவுட், அடியில் சுற்றிலும் சட்டம். சிப்போர்டு வேண்டாம், கனமும் அதிகம், தொய்வும் அதிகம். மேலே கார்க் ஷீட் ஒட்டி அதன் மேல் தண்டவாளம். இந்த இடத்தில் மட்டும் நிதானமாக இரு, மற்றதில் எப்படி வேண்டுமானாலும் அவசரப்படு. ஒவ்வொரு ஜாயின்டிலும் தண்டவாளத் துண்டுகளை இணைக்கிற ஃபிஷ்பிளேட் இரண்டு பக்கமும் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார். பார்த்தால் தெரியாது, நகத்தை மேலே வைத்து இழு. நகம் தட்டுகிற இடத்தில் சக்கரமும் தட்டும். பிறகு கண்ணைத் தண்டவாள மட்டத்துக்குக் கொண்டுபோய் நீள வாக்கில் பார். மேலிருந்து பார்க்கும்போது நேராகத் தெரிகிற லைன், கீழிருந்து பார்த்தால் பாம்பாக நெளியும். தண்டவாளத்தைப் பராமரிக்கிற எங்கள் பி.வே. இன்ஸ்பெக்டர்கள் இதற்காகவே லைனில் மண்டி போட்டுப் பார்ப்பார்கள். ஆணியை முழுசாக அடிக்காதே. இறுக அடித்தால் தண்டவாளத்தைத் தாங்குகிற குறுக்குக்கட்டை, அதாவது ஸ்லீப்பர், நடுவில் அமுங்கித் தண்டவாளத்தின் இடைவெளி குறையும். எல்லாம் ஆனபின் கரண்ட் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வேகனைக் கையால் தள்ளிக்கொண்டே எல்லாப் பாயின்டிலும் போய் வா, முன்னும் பின்னும்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். உன் வண்டி நிஜ வண்டியில் 76ல் 1 பங்கு. தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். கணக்குப்படி 19க்குப் பக்கத்தில் வர வேண்டும். ஐரோப்பாவில் 87ல் 1 பங்குக்கென்று வந்த தண்டவாளம் அது. பிரிட்டிஷ் இன்ஜின் நிஜத்திலேயே ஒல்லி, அந்த அளவில் அந்தக் காலத்து மோட்டார் உள்ளே நுழையவில்லை. உடம்பைப் பெரிதாக்கி, தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். ஆக, நீ இங்கிலாந்தில் உட்கார்ந்துகொண்டு அகலம் குறைந்த பாதையில் வண்டி விடுகிறாய். இதைச் சரிசெய்கிறேன் பேர்வழி என்று சிலர் ஆயுளையே கழிக்கிறார்கள். நீ கண்டுகொள்ளாதே.

வேகத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதே. ஷண்டிங்கில் எங்களுக்கு மணிக்கு 15 கிலோமீட்டர்தான் உச்சம். உன் அளவில் அது ஓரடி கடக்க ஐந்தரை விநாடி. யாழினி கையில் ஸ்டாப்வாட்ச் கொடு, அவளே பிடித்துவிடுவாள். அவள் பாயின்ட்ஸ்மேன், நீ டிரைவர். பாயின்டை மாற்றி, சரியாகப் படிந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்து, அவள் கையைக் காட்டிய பிறகுதான் நீ கன்ட்ரோலர் நாப்பைத் திருப்ப வேண்டும். அவள் காட்டாமல் வண்டியை எடுத்தால் உன் மேல் ரிப்போர்ட் எழுதி அப்பத்தாவுக்கு அனுப்பச் சொல்.

வண்டி திக்கித் திக்கிப் போனால் இன்ஜினைக் குறை சொல்லாதே, தண்டவாளத்தில் அழுக்கு. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் துடை, சக்கரங்களையும் சேர்த்து. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் கீறல் விழும், கீறலில் அழுக்கு இன்னும் நன்றாகத் தங்கும். ஜல்லி, புல், கட்டிடமெல்லாம் எல்லாமே ஒழுங்காக ஓடின பிறகு. ஜல்லியை உலர்வாகப் பரப்பி, பி.வி.ஏ. பசையும் தண்ணீரும் சரிபாதி கலந்து, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, மேலே சொட்டச் சொட்ட விட்டால் பிடித்துக்கொள்ளும். பாயின்டின் நகரும் பாகத்துக்குக் கிட்டே மட்டும் பசை போகவே கூடாது.

இதெல்லாம் பொம்மை வேலை என்று உன் நண்பர்கள் யாராவது சிரித்தால், உன் அம்மா ரயில் வேலையைக் கற்றுக்கொண்டதே பொம்மையில்தான் என்று சொல். திருச்சி பயிற்சிப் பள்ளியில் மாடல் ரூமில் எங்களை ஆளுக்கொரு ஸ்டேஷனில் உட்காரவைத்து, லைன் கிளியர், அதாவது அடுத்த ஸ்டேஷனுக்கு வண்டி அனுப்ப அனுமதி, கேட்கவும் கொடுக்கவும் பழக்கினார்கள். லங்காஷயர் அண்ட் யார்க்ஷயர் ரயில்வே தன் சிக்னல்காரர்களுக்குப் பாடம் நடத்த 1912இல் செய்த மாடல் பாதை ஒன்று, யார்க் தேசிய ரயில்வே அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. உனக்கு ரயிலில் அரை மணி நேரப் பயணம்தானே, யாழினியையும் கவிதாவையும் கூட்டிக்கொண்டு போய் வா.

இப்போதைக்கு எனக்கு ஒரே ஒரு விவரம் வேண்டும். வேகன் வாங்கியதும் ஐந்தைக் கோத்து, கப்ளிங்கை இழுத்து விட்டு, முதல் கொக்கியிலிருந்து கடைசிக் கொக்கி வரை அளந்து அனுப்பு. ஒற்றை வேகனை அளந்து ஐந்தால் பெருக்கி அனுப்பாதே, கொக்கிகளில் வித்தியாசம் வரும். இன்ஜினைத் தனியாக அள. அது வந்தால்தான் நான் மூன்று சைடிங்குக்கும் நெக்குக்கும் நீளம் போட்டு அனுப்ப முடியும். அதுவரை பலகையை அறுக்காதே.

அன்புடன்,
அம்மா