மூலையில் கிடக்கும் சிஸ்டத்தில் பிராக்ஸ்மாக்ஸ்: மேலூர் நண்பனுக்கு

மதுரை,
வைகாசி முதல் வாரம்.

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. கால்வாயில் தண்ணீர் திறக்க இன்னும் நாளிருக்கிறது, அதற்குள் வெயில் ஆளைக் கொன்றுவிடும் போல என்று எழுதியிருந்தாய். இங்கேயும் அதே கதைதான். அழகர் மலைக்குத் திரும்பியாகிவிட்டது, தார் ரோட்டுச் சூடு மட்டும் ராத்திரி பத்து மணிக்கும் இறங்க மாட்டேன் என்கிறது. வீட்டில் எல்லாரும் நலம். நீ கேட்டதற்கு வருகிறேன்.

உன் மாணவர்களின் லேபுக்குப் போடுவதற்கு முன்னால் ஒரே ஒரு சிஸ்டத்தில் விர்ச்சுவல் மெஷின் (சுருக்கமாக விஎம், ஒரே கம்ப்யூட்டருக்குள் தனிக் கம்ப்யூட்டர் போல ஓடுவது) போட்டுப் பார்க்கணும் என்கிறாய். எந்த சாஃப்ட்வேர் என்பது பிறகு. அந்த சிஸ்டத்தின் முன் உட்கார்ந்து வேறு வேலையும் பார்ப்பாயா, இல்லை மூலையில் வைத்துவிட்டு லேப்டாப்பிலிருந்து தொடுவாயா? முதலாவது என்றால் விண்டோஸுக்குள் ஒரு சாதா புரோகிராமாக ஓடும் விர்ச்சுவல்பாக்ஸ் போதும். ஆனால் விண்டோஸில் அதன் சொந்த விஎம் வசதியான ஹைப்பர்-வி அல்லது அதே அடிப்படையில் ஓடும் பாதுகாப்பு வசதியான மெமரி இன்டக்ரிட்டி ஓடிக்கொண்டிருந்தால் விர்ச்சுவல்பாக்ஸ் ஜன்னலின் கீழ் ஓரத்தில் ஒரு பச்சை ஆமை தெரியும். அதைக் கண்டால் விஎம் ஏன் ஊர்கிறது என்று வேறெங்கும் தேடாதே.

மூலையில் வைப்பதாக இருந்தால் என் ஓட்டு, சிஸ்டம் முழுவதையும் விஎம் ஓட்டவே எடுத்துக்கொள்ளும் பிராக்ஸ்மாக்ஸுக்கு. அடியில் டெபியன் லினக்ஸ், அதன் மையமான கெர்னலில் 2007 முதல் இருக்கும், விஎம்களை ஓட்டும் கேவிஎம், மேலே ஒரு வெப் பக்கம், விஷயம் அவ்வளவுதான். 2025 ஆகஸ்டில் வந்த 9ஆம் பதிப்பு டெபியன் 13 மேல் நிற்கிறது. நீ சொன்ன இஎஸ்எக்ஸ்ஐ இதே வேலைக்கான விஎம்வேர் சாஃப்ட்வேர்; அதன் இலவசப் பதிப்பை, விஎம்வேரை வாங்கிய பிராட்காம் 2024 பிப்ரவரியில் நிறுத்தி, 2025 ஏப்ரலில் திரும்பக் கொடுத்தது. அதை நம்பிப் பாடத்திட்டம் போட எனக்கு மனசு வரவில்லை. இன்னொன்று, சாதா மதர்போர்டுகளில் பெரும்பாலும் இருப்பது ரியல்டெக் லேன் சிப். அதற்கான டிரைவர் இஎஸ்எக்ஸ்ஐ இன்ஸ்டாலரோடு வராது. நெட்வொர்க் அடாப்டர் இல்லை என்று சொல்லி வாசலிலேயே நின்றுவிடும்.

ஆபீஸில் கழித்துவிட்ட டெஸ்க்டாப் தாராளமாகப் போதும். ஐ5-8500 கிடைத்தால் 6 கோர், விண்டோஸ் 11-ம் அதை ஏற்கும். காசு இருந்தால் பிராசஸரில் போடாதே, ரேமில் போடு. உனக்குப் புரிகிற மாதிரி சொன்னால், சிபியு என்பது முறைத்தண்ணீர். பத்து விஎம்முக்கும் மடை மாற்றி மாற்றித் திருப்பிவிடலாம், கொஞ்சம் தாமதமாகும், பயிர் கருகாது. ரேம் வயல். ஒருத்தன் நட்ட இடத்தில் இன்னொருத்தன் நட முடியாது. 16 ஜிபி என்றால் ஹோஸ்டுக்கு, அதாவது விஎம்களைச் சுமக்கும் பிராக்ஸ்மாக்ஸுக்கு, 2 ஒதுக்கு, விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4, லினக்ஸ் சர்வர் ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 2. அளவுக்கு மீறிக் கொடுத்தால் கெர்னல் அதிக ரேம் பிடித்திருக்கும் விஎம்மைத் தேடிப் பிடித்துச் சாகடிக்கும். விண்டோஸ் தானாக ஆஃப் ஆகிறது என்று பையன்கள் புகார் சொல்வார்கள். ஹோஸ்டின் லாகில் 'அவுட் ஆஃப் மெமரி' என்று ஒரு வரி இருக்கும், பார்.

சிஸ்டம் ஆன் ஆகும்போதே திறக்கிற பயாஸ் செட்டிங்கில் இரண்டு வேலை. இன்டெல் என்றால் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி, ஏஎம்டி என்றால் எஸ்விஎம் மோட் ஆன் ஆகியிருக்கணும். இல்லாவிட்டால் பிராக்ஸ்மாக்ஸ் நன்றாகவே ஏறும், முதல் விஎம்மை ஸ்டார்ட் செய்யும்போதுதான் கேவிஎம் இல்லை என்று கைவிரிக்கும். அடுத்தது, கரண்ட் போய் வந்தால் தானாக ஆன் ஆகும் செட்டிங். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்றைக்கு இதன் அருமை தெரியும்.

பிராக்ஸ்மாக்ஸ் இன்ஸ்டால் ஃபைலான ஐஎஸ்ஓ-வைப் பென் டிரைவில் எழுதும்போது, எழுதும் சாஃப்ட்வேரான ரூஃபஸ் கேட்டால் டிடி மோட் என்று சொல். இன்ஸ்டாலர் அந்த டிஸ்க் முழுவதையும் அழிக்கும், பழைய விண்டோஸைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம் என்ற ஆசை வேண்டாம். ஃபைல் சிஸ்டம் எக்ஸ்ட்4 போதும். இசட்எஃப்எஸ் நல்லதுதான், ஆனால் ஒற்றை டிஸ்க்கில் அதன் பெரிய பலமான மிரர் (இரண்டு டிஸ்க்கில் ஒரே நகல்) இல்லை, சாதா எஸ்எஸ்டி-யை எழுதி எழுதித் தேய்க்கும், ரேமும் தின்னும். பெயர் கேட்கும் இடத்தில் நடுவில் ஒரு புள்ளியாவது உள்ள முழுப்பெயர் கொடு, வெறும் 'டெஸ்ட்' என்றால் ஏற்காது. ஐபி முகவரி ரவுட்டர் தானாகக் கொடுக்கும் வரிசைக்கு வெளியே இருக்கட்டும். ரவுட்டர் 100 முதல் 200 வரை கொடுக்கிறது என்றால் 192.168.1.50 போடு. பிறகு ரவுட்டர் மாற்றி 192.168.0 வரிசைக்குப் போய்விட்டால் மானிட்டர் மாட்டி இரண்டு ஃபைலைத் திருத்தணும்: இன்டர்ஃபேசஸ் ஒன்று, ஹோஸ்ட்ஸ் இன்னொன்று. இரண்டாவதைத்தான் எல்லாரும் மறப்பார்கள். பிங் போகும், வெப் பக்கம் வராது.

லேன் கேபிள் கட்டாயம். விஎம்களை வெளி நெட்வொர்க்கோடு இணைக்கும் பிரிட்ஜ் வைஃபையில் வேலை செய்யாது. காரணம் எளிது: வைஃபை ரவுட்டர் தன்னோடு கைகுலுக்கிய மேக் முகவரியிலிருந்து (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) வருவதை மட்டும்தான் வாங்கும். விஎம் ஒவ்வொன்றும் தனித்தனி மேக்கோடு பேசுமே, அதெல்லாம் குப்பைக்குப் போகும்.

ஏறி முடிந்ததும் லேப்டாப் பிரவுசரில் அந்த ஐபி, 8006 போர்ட். முன்னால் எச்டிடிபிஎஸ் மறக்காதே. சந்தா இல்லை என்று ஒரு பெட்டி வரும், ஓகே தட்டு. அப்டேட் கொடுத்தால் 401 பிழை வரும். அது காசு கட்டினவர்களுக்கான அப்டேட் கிடங்கான என்டர்பிரைஸ் ரெப்பாசிட்டரி. அப்டேட்ஸ் பகுதியில் அதையும், கூடவே இருக்கும் செஃப் என்டர்பிரைஸையும் முடக்கிவிட்டு, நோ-சப்ஸ்கிரிப்ஷன் ரெப்பாசிட்டரியைச் சேர்.

விஎம் போடும்போது விண்டோஸ் இன்ஸ்டாலர் டிஸ்க்கே இல்லை என்று சொன்னால் பதறாதே. டிஸ்க்கை விஎம்முக்கென்றே உள்ள விர்ட்ஐஓ ஸ்கசியில் வைத்திருக்கிறாய், அந்த டிரைவர் விண்டோஸிடம் இல்லை. விர்ட்ஐஓ ஐஎஸ்ஓ-வை இரண்டாவது சிடியாக மாட்டி, லோடு டிரைவர் போய், விஐஓஸ்கசி என்ற ஃபோல்டரைக் காட்டு. நெட்வொர்க்குக்கு நெட்கேவிஎம். விண்டோஸ் 11 என்றால் புது வகை பயாஸான யுஇஎஃப்ஐ-யும் பாதுகாப்பு சிப்பான டிபிஎம் 2.0-வும் சேர்க்கணும், டிஸ்க் 64 ஜிபி. லினக்ஸுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் ராக்கி லினக்ஸ் 10 போட்டால் பூட் ஆகாமல் கவிழும்: பிராக்ஸ்மாக்ஸ் தானாகக் கொடுக்கும் சிபியு வகை வி2, ராக்கி 10 கேட்பது அதைவிடப் புதிய வி3. வகையை 'ஹோஸ்ட்' என்று மாற்று. பல சிஸ்டங்களுக்கிடையே விஎம்மை ஓடும்போதே நகர்த்துகிறவர்கள்தான் அதற்கு யோசிக்கணும். உனக்கு இருப்பதே ஒன்று.

இனி டிஸ்க். டெஸ்ட் சிஸ்டங்கள் பெரும்பாலும் இங்கேதான் செத்துப்போகின்றன. உன் எஸ்எஸ்டி-யை இன்ஸ்டாலர் இரண்டாகப் பிரித்திருக்கும்: ஐஎஸ்ஓ, பேக்கப் எல்லாம் 'லோக்கல்', விஎம் டிஸ்க்குகள் 'லோக்கல்-எல்விஎம்'. இரண்டாவது தின் பூல். 350 ஜிபி பூலில் 100 ஜிபி டிஸ்க் ஆறு போட்டாலும் வாயைத் திறக்காது, எழுதின அளவுக்குத்தான் இடம் எடுக்கும். கடனுக்கு மளிகை வாங்குகிற மாதிரி, மாசக் கடைசி வரைக்கும் சுகம். பூல் 100 சதவீதம் தொட்ட நிமிஷம் எல்லா விஎம்மிலும் எழுதுவது தோற்று, ஃபைல் சிஸ்டங்கள் படிக்க மட்டும் என்று உறைந்துவிடும். ஒரு பையன் நிரப்பினாலும் அத்தனை பேருக்கும் அடி. 'எல்விஎஸ்' கமாண்டில் டேட்டா சதவீதம் தெரியும். 80 தாண்டினால் எதையாவது அழி. விஎம்முக்குள்ளே அழித்தால் மட்டும் இடம் திரும்பாது. அந்த டிஸ்க்கில் 'டிஸ்கார்டு' டிக் செய்திருக்கணும், உள்ளே 'எஃப்எஸ்டிரிம்' ஓடணும்.

விஎம்மின் அப்போதைய நிலையை அதே டிஸ்க்கில் பிடித்து வைக்கும் ஸ்னாப்ஷாட்டைப் பேக்கப் என்று நினைக்கிற வியாதி உன் மாணவர்களுக்கு வராமல் பார்த்துக்கொள். எஸ்எஸ்டி போனால் விஎம்மும் ஸ்னாப்ஷாட்டும் சேர்ந்து போகும். பேக்கப்பை யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கில் எடு. அதை டைரக்டரி ஸ்டோரேஜாகச் சேர்த்ததும், டிஸ்க் மாட்டியிருக்கிறதா என்று பார்க்கும் 'இஸ் மவுண்ட்பாயின்ட்' என்பதை யெஸ் ஆக்கணும். வெப் பக்கத்தில் அந்த டிக் இல்லை, கமாண்டில்தான். இதைச் செய்யாவிட்டால், யாரோ கேபிளைப் பிடுங்கிய நாளில் பேக்கப் அதே பெயருள்ள வெற்று ஃபோல்டரில், அதாவது பிராக்ஸ்மாக்ஸே இருக்கும் ரூட் பார்ட்டிஷனில் கொட்டும். ரூட் நிரம்பினால் வெப் பக்கத்தில் லாகினே ஆகாது. பாஸ்வேர்டு தப்போ என்று அரைநாள் போகும்.

யுபிஎஸ் வாங்கும்போது யுஎஸ்பி டேட்டா போர்ட் உள்ளதாகப் பார். விலை குறைந்த 600 விஏ பெட்டிகள் பலவற்றில் அது இருக்காது, பேட்டரி தீர்ந்ததும் சிஸ்டம் பொத்தென்று விழும். போர்ட் இருந்தால் நட் என்ற சாஃப்ட்வேர் மூலம் விஎம்களை ஒழுங்காக மூடிவிட்டு ஹோஸ்டையும் மூடலாம். அதற்கு, ஹோஸ்ட் சொல்வதைக் கேட்கும் கெஸ்ட் ஏஜென்ட் என்ற சின்ன புரோகிராமை விஎம்முக்குள் போட்டிருப்பது நல்லது.

கடைசியாக, ஹோஸ்டில் எதையும் ஏற்றாதே. டாக்கர், சாம்பா, பையன்கள் கேட்கிற எதுவானாலும் ஒரு விஎம் போட்டு அதற்குள் வை. ஹோஸ்ட் காலியாக இருந்தால் கெட்டுப்போன அன்றைக்கு அரைமணி நேரத்தில் திரும்ப ஏற்றி, பேக்கப்பிலிருந்து விஎம்களை மீட்டுவிடலாம். டெஸ்ட் சிஸ்டம் என்பதே உடைப்பதற்குத்தானே.

விண்டோஸ் ஐஎஸ்ஓ, விர்ட்ஐஓ ஐஎஸ்ஓ இரண்டும் இங்கே இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை மாட்டுத்தாவணி வந்தால் போன் போடு, பென் டிரைவோடு வருகிறேன். 32 ஜிபிக்குக் குறையாமல் நீயும் ஒன்று எடுத்து வா.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்

பி.கு.: இரண்டாவதாக ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டி-யோ கிராஃபிக்ஸ் கார்டோ செருகியபின் நெட்வொர்க் செத்தால் கார்டைக் குறை சொல்லாதே. ஸ்லாட் எண் நகர்ந்து லேன் போர்ட்டின் பெயர் மாறியிருக்கும், பிரிட்ஜ் பழைய பெயரையே பிடித்துக்கொண்டிருக்கும். இன்டர்ஃபேசஸ் ஃபைலில் புதுப்பெயரைப் போட்டு ரீபூட் செய்.