இடதுகைக்காரியின் சாக்கு

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்து நாலு மாதம் ஆகிறது. தோள்வலியால் எழுத முடியவில்லை என்று சொல்லிவிடலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் வலித்தது வலது தோள், நானோ இடதுகைக்காரி. உன்னிடம் அந்தச் சாக்கு செல்லாது. சோம்பேறித்தனம்தான், திட்டிக்கொள்.

இங்கே எல்லோரும் நலம். ரமா அக்கா இன்னும் அந்தக் குடையோடுதான் திரிகிறாள். கணக்குப் பரீட்சைக் கனவு எனக்கும் வந்தது. இந்தத் தடவை வினாத்தாளே கிடைக்கவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்று பக்கத்துக்கு ஜிம் புராணம் எழுதியிருந்தாய். சிரித்துச் சிரித்துப் படித்தேன். கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி: “கையைத் தலைக்கு மேல் தூக்கினால் தோளில் ஏதோ சுருக்கென்கிறது, போகப் போகச் சரியாகிவிடும்.” அங்கே சிரிப்பு நின்றுவிட்டது. போன வருஷம் நான் எனக்கே சொல்லிக்கொண்ட வரி அது.

என் கதையைக் கேள். பக்கத்து பெஞ்சில் ஒரு சின்னப் பெண் என்னைவிட அதிக எடை தூக்கினாள். பொறுக்குமா எனக்கு? ஒரே மாதத்தில் மூன்று தடவை எடையைக் கூட்டினேன். பெஞ்ச் பிரஸ், அதாவது மல்லாந்து படுத்து பார் என்கிற எடைக்கம்பியை மேலே தள்ளுகிற பயிற்சி, செய்யும்போது முழங்கைகள் இரண்டும் பறக்கப்போகிற காக்கை மாதிரி நேர் பக்கவாட்டில் விரிந்திருக்கும். போதாதென்று பாரைக் கழுத்துக்குப் பின்னால் இறக்கித் தூக்குகிற வித்தை வேறு. முதலில் சுருக். அப்புறம் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. ஒருநாள் மேல்தட்டு டப்பாவை எடுக்கப் போன கை பாதியிலேயே நின்றுவிட்டது. அன்றைக்குத்தான் பயந்தேன்.

பிசியோதெரபி அம்மா ஒரு பொம்மை எலும்பை வைத்து விளக்கினார். இடுப்பு மூட்டு ஆழமான கிண்ணத்தில் உட்கார்ந்த பந்தாம். தோள் மூட்டோ தட்டில் வைத்த பந்து. அது உருண்டு போகாமல் நடுவில் பிடித்து வைப்பதில் பெரிய பங்கு நாலு சின்னத் தசைகளுக்கு. ரொட்டேட்டர் கஃப் என்கிறார்கள். கையை 180 டிகிரி உயர்த்தும்போது மூட்டு கொடுப்பது ஏறக்குறைய 120தானாம். மீதி 60 முதுகிலுள்ள தோள்பட்டை எலும்பு சுழன்று தருவது. அந்த எலும்பை ஆட்டுகிற தசைகள் தூங்கினால் சுமை முழுக்க மூட்டின் தலையில். இன்னொன்றும் சொன்னார்: தசை சில வாரங்களில் பலம் பெற்றுவிடும், அதை எலும்போடு கட்டுகிற தசைநாணுக்கு மாதக்கணக்கில் ஆகும். மூன்று தடவை எடை கூட்டியவள் பதில் பேசாமல் தலையைக் குனிந்துகொண்டேன்.

மூன்று வாரம் கையை அசைக்காமல் ஓய்வெடுத்ததும் தப்பாம். தோள் இன்னும் இறுகித்தான் போனது. வலிக்காத அசைவுகளை விடாமல் செய்திருக்க வேண்டும்.

இப்போது பெஞ்ச் பிரஸ்ஸில் முழங்கையை உடம்பிலிருந்து 45 டிகிரி அளவில்தான் வைக்கிறேன். தோள்பட்டைகளைப் பின்னால் இழுத்துக் கொஞ்சம் கீழே அழுத்திப் படுத்துக்கொண்டு, பாரைக் கழுத்துப் பக்கம் போகவிடாமல் நெஞ்சின் கீழ்ப்பாதிக்கு இறக்குகிறேன். புஷ்-அப்பில் மட்டும் தோள்பட்டையை அப்படிப் பூட்டி வைக்காதே, மேலே வந்ததும் தரையை இன்னும் கொஞ்சம் தள்ளு. டம்பெல்லைப் பக்கவாட்டில் தூக்கும்போது கைகள் 30 டிகிரி முன்னால் வரட்டும். கழுத்துக்குப் பின்னால் தூக்குவதற்கு ஒரு கும்பிடு. தள்ளுகிற பயிற்சி ஒன்று செய்தால் இழுக்கிற பயிற்சி இரண்டு. முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே துண்டைச் சுருட்டி வைத்து, ரப்பர் பேண்டை வெளிப்பக்கமாக இழுக்கிறேன். பார்ப்பதற்குக் கேலியாக இருக்கும். அந்தச் சின்னப் பெண் சிரித்தாள். சிரிக்கட்டும்.

வலியே இல்லாமல் செய்ய வேண்டும் என்று இல்லை. பத்துக்கு மூன்று அளவில் இருந்து, மறுநாளைக்குள் அடங்கிவிட்டால் தொடரலாம் என்றார் பிசியோ. ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்தால், கை மரத்துப்போனால், விழுந்து அடிபட்ட பிறகு கையைத் தூக்கவே முடியாவிட்டால் தள்ளிப் போடாமல் மருத்துவரிடம் போ. அப்புறம், வசந்தி, தோள்வலியோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் மூச்சுத்திணறலும் வந்தால் அது ஜிம் சமாச்சாரமே அல்ல, உடனே ஆஸ்பத்திரி. சந்திரன் மாமா அன்றைக்குக் களிம்பு தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நீயும்தானே பார்த்தாய்.

பயமுறுத்தவில்லை, அடி. ஜிம்மை விடவும் சொல்லவில்லை. நானே போன வாரம் பழைய எடையில் பாதிக்கு வந்துவிட்டேன், அதற்கு ஒரு கைதட்டல் கொடு.

இந்தக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நில். கையைப் பக்கவாட்டில் மெதுவாக உயர்த்து. எந்த உயரத்தில் சுருக்கென்கிறது, எங்கே விடுகிறது என்று பார். தோள் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே பிடித்து, மேலே போனதும் விட்டால் எனக்கு இருந்ததும் அதே மாதிரிதான், பிசியோவிடம் காட்டு. எதுவானாலும் எனக்கு எழுது. ஓரத்தில் பொடி எழுத்தில் வேண்டாம், முதல் வரியிலேயே எழுது.

உன்,
காக்கை