ரத்தம் எடுக்கும் முன் பேசுங்கள்

தமிழ்நாட்டின் புற்றுநோய் மருத்துவர்களுக்கு மரபியல் ஆலோசகர்கள் எழுதும் திறந்த மடல்

வணக்கம்.

மார்பகப் புற்றும் சினைப்பைப் புற்றும் பரம்பரையாக வரக் காரணமான மரபணு மாற்றம் இருக்கிறதா என்று பார்க்கும் பிஆர்சிஏ பரிசோதனைக்கு நிறையப் பேரை அனுப்புகிறீர்கள், நல்லது. ஆனால் பலர் எங்களிடம் வருவதே ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகுதான். “பாசிட்டிவ்னு போட்டிருக்கே, மறுபடி கேன்சர் வந்துடுச்சா?” என்று கேட்கிறார்கள். பாசிட்டிவ் என்றால் மரபணுவில் மாற்றம் இருக்கிறது என்றுதான் பொருள், புற்று வந்துவிட்டது என்று அல்ல. ரத்தம் எடுப்பதற்கு முன்பே அரை மணி நேரம் பேசியிருந்தால் இந்தப் பயம் வந்திருக்காது.

“வீட்டில் வேறு யாருக்காவது புற்றுநோய் உண்டா?” என்று பொதுவாகக் கேட்டால் “இல்லை” என்றுதான் பதில் வரும். அம்மா வழி, அப்பா வழி என்று பிரித்து ஒவ்வொருவராகக் கேளுங்கள். அத்தையையும் அப்பாவைப் பெற்ற பாட்டியையும் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அப்பாவிடம் மாற்றம் இருந்தாலும் பிள்ளைக்கு வர 50 சதவீத வாய்ப்பு உண்டு. “கர்ப்பப்பைப் புற்று” என்றால் அத்துடன் நிறுத்த வேண்டாம். கருப்பை வாயா, கருப்பையா, சினைப்பையா என்று பழைய டிஸ்சார்ஜ் சம்மரியில் பாருங்கள். சம்மரி இல்லையா? “வயிற்றில் நீர் கோத்து, அடிக்கடி எடுத்துவிட்டார்கள்” என்று சொன்னால் சினைப்பையைச் சந்தேகியுங்கள்.

முதலில் பரிசோதிக்க வேண்டியது நோய் வந்தவரை. நோயில்லாத தங்கைக்கு மட்டும் பார்த்து ‘நெகட்டிவ்’ வந்தால், குடும்பத்தில் மாற்றமே இல்லையா, இவருக்கு மட்டும் வரவில்லையா என்று சொல்ல முடியாது. ஊதா மூடி ட்யூபில் சில மில்லி ரத்தம் போதும். மரபணுவில் பெரிய துண்டு விடுபட்டிருந்தால் மரபணுவின் எழுத்துகளை வரிசையாகப் படிக்கும் சாதாரண சீக்வென்சிங்கில் தப்பிவிடலாம்; இத்தகைய விடுபடலைக் கண்டுபிடிக்கும் எம்எல்பிஏ போன்ற சோதனையும் சேர்ந்ததா என்று லேபில் கேளுங்கள். கட்டியில் மாற்றம் தெரிந்தால் அது பரம்பரையானதா என்பதை ரத்தத்தில் உறுதி செய்யுங்கள். ‘வியூஎஸ்’, அதாவது நோயை உண்டாக்குமா என்று இன்னும் உறுதியாகத் தெரியாத மாற்றம், என்று வந்தால், அதை மட்டும் வைத்து எந்த உறுப்பையும் எடுக்காதீர்கள்.

ஆபத்தை எண்ணிக்கையாகச் சொல்லுங்கள். 80 வயதுக்குள் மார்பகப் புற்று வருவது பிஆர்சிஏ 1 மாற்றமுள்ள 100 பெண்களில் சுமார் 72 பேருக்கு, பிஆர்சிஏ 2 என்றால் 69 பேருக்கு. சினைப்பைப் புற்று முறையே 44, 17.

மார்பகத்துக்கு இரண்டு வழி: 25 வயதிலிருந்து ஆண்டுக்கொரு எம்ஆர்ஐ, 30 முதல் மேமோகிராமும் சேர்த்து; அல்லது அறுவை சிகிச்சை. எது என்பதை அவர் முடிவு செய்யட்டும். சினைப்பையில் அப்படி இரண்டு வழி இல்லை. ஸ்கேனும் சிஏ-125 ரத்தப் பரிசோதனையும் நோயை முன்கூட்டிக் கண்டுபிடிக்கும் என்று நம்ப முடியாது. குழந்தை பெற்று முடித்ததும், பிஆர்சிஏ 1 என்றால் 35–40 வயதிலும், 2 என்றால் 40–45இலும் சினைப்பையோடு கருக்குழாயையும் எடுத்துவிடுவதே பாதுகாப்பு. புற்று பெரும்பாலும் குழாயின் விரல் போன்ற நுனியில்தான் தொடங்குகிறது. அதனால் குழாய் முழுவதையும் 2–3 மில்லிமீட்டர் துண்டுகளாக வெட்டிப் பார்க்கும்படி பேதாலஜிக்கு எழுதிக் கொடுங்கள். மாதவிடாய் உடனே நின்றுவிடும், உடம்பில் அனல் அடிக்கும், எலும்பு தேயும். இதைத் தேதி குறிக்கும்போதே சொல்லிவிடுங்கள். மார்பகப் புற்று வராதவருக்கு ஹார்மோன் மாத்திரை கொடுக்க இடமுண்டு.

“பொண்ணு கல்யாணம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்” என்பார்கள். 18 வயதாகாத பெண்ணுக்கு இந்தப் பரிசோதனையே வேண்டாம். ஆனால் சொந்தத்தில் சம்பந்தம் பேசுகிறார்கள் என்றால் சும்மா இருக்க முடியாது. அத்தை மகன், முறைப்பெண் இருவரிடமும் பிஆர்சிஏ 2 மாற்றம் இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு ஃபேன்கோனி அனீமியா என்ற கடுமையான பரம்பரை ரத்த நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. நிச்சயத்துக்கு முன்பே இரண்டு பேருக்கும் இது தெரிய வேண்டும்.

உறவினரை நீங்களாகப் போனில் கூப்பிடாதீர்கள். யாரிடம் சொல்வது என்பது நோயாளியின் உரிமை. அவர் கையில் ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். அதில் மரபணுவின் பெயர், மாற்றத்தின் முழுக் குறியீடு, லேப், தேதி இருக்கட்டும். குறியீடு இருந்தால் அக்கா தங்கைகளுக்கு அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும், செலவும் குறையும்.

இப்படிக்கு,
மரபியல் ஆலோசகர்கள்