அறுபத்தொரு வயதுப் பையன்

அன்புள்ள சிநேகிதிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிவிட்டது, எனக்குச் சளி, பேரனுக்குப் பள்ளி விடுமுறை, அதனால்தான் பதில் தாமதம். முட்டி வலிக்குப் பயந்து நாடகக் குழுவுக்கு முழுக்குப் போட்டுவிட்டதாக எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் கல்லூரி ஆண்டு விழாவில் நீ ராஜாவாக வந்து, பாதி வசனத்தில் ஒரு பக்க மீசை கழன்று உதட்டில் தொங்க, அதை மென்றுகொண்டே பேசி முடித்தாயே, அதுதான் கண்முன் வந்தது.

இங்கே பாரிஸில் மகள் வீட்டிலிருந்து ரிபப்ளிக் சதுக்கம் பக்கம் நடக்கப் போனபோது 'தேஜாஸே' என்று ஒரு நாடக அரங்கம் பார்த்தேன். யார் என்று தேடப் போய் ஒரு வாரமாக அந்த அம்மாள் நினைப்பாகவே இருக்கிறேன். விர்ஜினி தேஜாஸே, 1798-ல் இதே ஊரில் பிறந்தவள், ஐந்து வயதில் மேடை ஏறியவள். குறும்புக்கார வேலைக்காரிப் பெண் வேஷமும் கட்டுவாள், ஆனால் பேர் வாங்கித் தந்தது ஆண்பிள்ளை வேஷம்தான். அந்தக் காலத்து வோட்வில் நாடகங்களில் ஊருக்கே தெரிந்த மெட்டில் புது வரிகள் போட்டு நடுநடுவே பாடுவார்கள், அதில் இவள் கெட்டிக்காரி. பலே ரொயால் அரங்கில் 1831 முதல் பதின்மூன்று வருடம் இருந்தாள். 1839-ல் இளம் ரிஷ்லியூ பிரபுவாக, மீசைகூட முளைக்காத பையனாக நடித்தபோது அவளுக்கு வயது நாற்பத்தொன்று! அப்புறம் சம்பளத் தகராறில் வெளியேறி வேறு அரங்கத்துக்குப் போய்விட்டாள். 

1859-ல் சொந்தமாகவே, நான் பார்த்த இந்த அரங்கத்தை எடுத்து நடத்தினாள். அப்போது சார்தூ என்ற இளைஞருக்கு முதல் நாடகம் தோற்றுப்போய் யாரும் சீண்டாமல் இருந்த நேரம். அவர் எழுதியதை இவள் மேடையேற்றினாள், பழைய பிரெஞ்சு நாடகங்களில் வரும் தந்திரக்கார வேலைக்காரன் ஃபிகாரோ இருக்கிறானே, அவனுடைய இளவயது வேஷத்தில் அவளே நடித்தாள், அறுபத்தொரு வயதில். பின்னாளில் பிரபல நடிகை சாரா பெர்னார்டுக்காக 'தோஸ்கா' நாடகம் எழுதியவர் இதே சார்தூதான்.

1862-ல் ஓஸ்மான் என்ற அதிகாரி பாரிஸையே இடித்துத் திருத்திக் கட்டியபோது தெருவின் எதிர்ப்பக்கம் வரிசையாக இருந்த நாடகக் கொட்டகைகளெல்லாம் தரைமட்டம். மேடையில் அத்தனை கொலைகள் நடந்ததால் 'குற்றத் தெரு' என்றே அதற்குப் பெயராம். இவளுடையது இந்தப் பக்கம் இருந்ததால் பிழைத்தது. நான் போன அன்று கதவு பூட்டியிருந்தது, வாசலில் தபால்காரர் ஒருவர் நின்று சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார்.

அவள் கடைசிக் காலத்தை நினைத்தால் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அரங்கம் கையைக் கடித்தது, வயதான உடம்பை இழுத்துக்கொண்டு வெளியூர்களில் நடித்தாள், 1875-ல் போய்ச் சேர்ந்தாள். வேறு வழியில்லாமல் நடித்தாளா, விட மனசில்லாமல் நடித்தாளா என்று யோசித்துப் பார்த்தேன், இரண்டும்தான் இருக்கும் என்று தோன்றுகிறது.

சரி, குழுவுக்குப் போவதும் போகாததும் உன் இஷ்டம், முட்டி உன்னுடையது. ஆனால் அந்த ராஜா வேஷப் படம் உன் இரும்புப் பெட்டியில் எங்கேயாவது இருக்கும், தேடி எடுத்து வாட்ஸப்பில் அனுப்பு. மகள் நம்ப மாட்டேன் என்கிறாள்.

உன் பழைய மந்திரி