ஈர விறகைப் பற்றி மாப்பிள்ளைக்கு

பள்ளத்தூர்,
மார்கழி 10.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் வந்தது. பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு ஆத்தாவின் இருமல்தான் காரணம். இப்போது தேவலை, ராத்திரி தூங்குகிறாள். தோட்டத்துச் சருகையும் கிளையையும் உன் விறகு பாய்லரில் போடலாமா என்று கேட்டிருக்கிறாய். அந்த இருமலுக்கும் இந்த விஷயத்துக்கும் சம்பந்தம் இருப்பதால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எங்கள் பின்கட்டில் கிணற்றடியை ஒட்டி நிற்குமே ஒரு தாமிர பாய்லர், ஞாபகம் இருக்கிறதா? அழகப்பாவில் படித்த நாளில் நீ இங்கே தங்கினால் விடிகாலையில் அதன் பக்கத்தில்தான் குத்த வைத்து உட்கார்ந்திருப்பாய். நடுவில் புகைக்குழாய், அதைச் சுற்றித் தண்ணீர், அடியில் கம்பித் தட்டு, அதற்கும் கீழே சாம்பல் விழ இடம். மேலே புனலில் ஒரு செம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினால் பக்கத்து மூக்கு வழியாக ஒரு செம்பு வெந்நீர் வரும். அதே பாய்லர்தான் இன்னும் ஓடுகிறது. ஆத்தாவுக்கு 86 வயது. கரண்டு ஹீட்டர் மாட்டிக் கொடுத்தும், அந்த வெந்நீர் உடம்பில் ஒட்டவில்லை என்று சொல்லிவிட்டாள்.

ஐப்பசியில் இந்த வருஷம் நல்ல மழை. தோட்டத்தில் தென்னை மட்டை, பாளை, பன்னாடை, வேம்பு விளார் எல்லாம் நனைந்து குவிந்து கிடந்தன. தோட்டமும் சுத்தமாகும், வெந்நீரும் ஆகும் என்று ஒரு வாரம் அதையே பாய்லருக்குள் திணித்தேன். சட்டென்று எரிந்து போகாமல் நின்று எரியட்டும் என்று அடிக்கதவையும் பாதி சாத்தி வைத்தேன். எட்டாம் நாள் புகை மேலே ஏறவே இல்லை. வாய் வழியாகவே திரும்பி, குளிக்கிற அறைக்குள் போய் நின்றது. அன்றைக்கு ஆரம்பித்த இருமல் அது. புகைதான் காரணம் என்று டாக்டரும் சொன்னார்.

குழாயைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே விரல் தடிமனுக்குக் கறுப்பாக, எண்ணெய் தடவினது போலப் பளபளவென்று படிந்திருந்தது. ஆணியால் கீறினால் மேல்பகுதியில் கண்ணாடிச் சில்லாகத் தெறித்தது. கீழ்ப்பகுதியில் தாராக இளகி ஆணியோடு இழுத்துக்கொண்டு வந்தது. சர்க்கரை ஆலை பாய்லர் ஹவுஸில் 26 வருஷம் நின்றவன் நான். என் வீட்டுக் கிணற்றடியில் என் தாய்க்கு நானே அதைச் செய்துவிட்டேன் என்பது இன்னும் ஆறவில்லை. அதனால்தான் உனக்கு விரிவாக எழுதுகிறேன். நான் பார்த்த அந்தக் கறுப்பு உன் வீட்டுக் குழாயில் படிந்தால் இருமலோடு போகாது. அது எரியும் பொருள். ஒருநாள் நன்றாகத் தீ ஏறும்போது குழாய்க்குள்ளேயே பற்றிக்கொள்ளும். மர வீடு உன்னுடையது.

அமெரிக்காவில், அந்த வெர்மான்டில் எண்ணெய் விலை தாங்காமல் விறகு பாய்லர் வாங்கிக் கொட்டகையில் வைத்திருக்கிறாய். நாலு ஏக்கர் தோப்பு இருக்கிறது. இலையுதிர் காலத்துச் சருகு மலைபோல் கிடக்கிறது, வேலி கழித்த தழை, புயலில் முறிந்த கிளை வேறு. வண்டி வைத்துக் கொண்டுபோய்க் கொட்டுவதற்குப் பதில் அதையெல்லாம் பாய்லரில் போட்டால் வீடு சும்மா சூடாகுமே என்று கேட்கிறாய். கேட்பதில் நியாயம் இருக்கிறது. கீழே விழுந்ததை வீணாக்கக் கூடாது என்றுதான் நம்மை வளர்த்தார்கள். ஆனால் சருகையும் தழையையும் அதில் போடாதே, மாப்ளே. கிளையைப் போடலாம், அதுவும் இப்போது இல்லை.

காரணம் ஈரம். வெட்டின கையோடு மரத்தின் எடையில் பாதி தண்ணீராகவே இருக்கும். ஒரு கிலோ பச்சை விறகு என்றால் அரைக் கிலோ கட்டை, அரை லிட்டர் தண்ணீர். அந்தக் கட்டை சுமார் 2,250 கிலோ கலோரி சூடு தரும். அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்க 300க்குச் சற்று மேலே போகும். ஏழில் ஒரு பங்குதானே, போகட்டும் என்று தோன்றும். எனக்கும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படித்தான் தோன்றியது. நஷ்டம் அங்கே இல்லை. காய்ந்த விறகின் எடையில் முக்கால் பங்குக்கு மேல், சூடு பட்டதும் வாயுவாகப் பிரிந்து வருகிற பொருள். நாம் சுடர் என்று பார்ப்பது அந்த வாயு எரிவதைத்தான். அது முழுசாக எரிய 600 டிகிரியாவது வேண்டும். ஈரம் அடுப்பைக் குளிர வைத்துவிட்டால் அந்த வாயு எரியாமலே மேலே போகும். வெளியே போனது புகை. வழியில் குளிர்ந்து குழாயில் ஒட்டினது அந்தத் தார். நீ காசு கொடுக்காமல் எடுத்த விறகுதான் என்றாலும், அதில் இருந்த சூட்டில் ஒரு பெரிய பங்கைக் காற்றில் விட்டிருப்பாய்.

ஆலையில் கரும்புச் சக்கை பாதி ஈரத்தோடுதானே எரிந்தது என்று நீ மடக்குவாய், தெரியும். எரிந்தது உண்மை. ஆனால் அந்த உலை இரண்டு மாடி உயரம். புகைபோக்கிக்குப் போகிற சூட்டிலேயே காற்றைச் சூடாக்கி உள்ளே ஊதுவோம். ராப்பகலாக அணையாமல் ஓடும். அப்படியும் மழை நாளில் நனைந்த சக்கை வந்துவிட்டால் ஆவியழுத்தம் இறங்கும், மேஸ்திரி முகம் மாறும். உன் கொட்டகையில் இருப்பது ஒரு பீரோ அளவு பெட்டி. அதனிடம் அந்த வேலையைக் கேட்கக் கூடாது.

சருகு காய்ந்ததுதானே என்றால், அதற்கு வேறு கோளாறு. நல்ல கட்டை எரிந்தால் நூறு கிலோவுக்கு ஒரு கிலோ சாம்பல்கூட மிஞ்சாது. இலையில் ஐந்து, பத்து என்று வரும். இலைச் சாம்பலில் சாம்பல் சத்து, அதாவது பொட்டாசியம், அதிகம். அது சீக்கிரம் உருகும். உருகித் தட்டில் கட்டிபிடித்து, காற்று வருகிற துவாரத்தை அடைத்துவிடும். ஒரு தடவை ஆலையில் சக்கை தட்டுப்பாடு வந்து, வயலிலிருந்து கரும்புத் தோகையைக் கொண்டுவந்து எரித்தார்கள். உலையை ஆற வைத்துக் கடப்பாறையோடு உள்ளே இறங்கினோம். பச்சைக் கண்ணாடிப் பாளமாக இறுகிக் கிடந்ததை நாள் முழுக்க உடைத்தோம். தழையிலும் தென்னை மட்டையிலும் குளோரின் உண்டு. அது இரும்பை அரிக்கும். போதாததற்கு, சருகு பஞ்சாகப் பறந்து எரியும், அல்லது அமுங்கிப் படிந்து காற்றுப் போகாமல் புகையும். நடுத்தரமாக எரியத் தெரியாது.

உங்கள் நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே 2015ல் போட்ட விதியில், இந்த வகை பாய்லரில் எரிக்கக் கூடாதவை என்று ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறது. குப்பையோடு தோட்டக் கழிவும் வெட்டின புல்லும் அதில் இருக்கின்றன. பாய்லரோடு வந்த கையேட்டை எடுத்துப் பார். இங்கும் திடக்கழிவு விதிப்படி தெருவில் குப்பை கொளுத்தக் கூடாது. ஆனாலும் விடிகாலையில் கோலம் போட வாசல் கூட்டினதும் தெருமுனையில் சருகுக்குத் தீ வைக்கிற பழக்கம் போகவில்லை. ஆத்தா இருமும்போது அந்தப் புகையும் சேர்ந்து வரும். இரண்டு வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறேன்.

நான் இப்போது என்ன செய்கிறேன் என்று எழுதுகிறேன், உனக்கு உதவும். இலை, தழை, மெல்லிய ஈர்க்கு எல்லாம் மதில் ஓரம் குழிக்குப் போகிறது. மேலே கொஞ்சம் சாணிக் கரைசல். ஆடிக்குள் கறுப்பு மண்ணாகிவிடுகிறது. உன் ஊர்க் குளிரில் கூடுதல் நாள் ஆகும், ஆனாலும் மக்கும். கட்டைவிரல் பருமனுக்கு மேல் இருப்பதைத்தான் அடுப்புக்கு ஒதுக்குகிறேன். அடியில் செங்கல் வைத்து, கரையான் ஏறாமல் அதன் மேல் அடுக்கி, உச்சியில் மட்டும் தகரம். பக்கங்களை மூடுவதே இல்லை. காற்றுதான் காய வைக்கிறது, வெயில் இரண்டாவது. போன வருஷம் தையில் கழித்த மாங்கொம்பை ஒரு கட்டு எடை போட்டு வைத்தேன். 20 கிலோ இருந்தது. சித்திரை முடிவில் பன்னிரண்டரை. காய்ந்ததை எடையால் மட்டும் இல்லை, காதாலும் கண்டுபிடிக்கலாம். இரண்டு கொம்பைத் தட்டினால் பச்சையாக இருந்தால் 'தொப்' என்னும், காய்ந்திருந்தால் 'டக்'கென்று மணி மாதிரி பேசும். வெட்டு முகத்தில் நட்சத்திரமாக வெடிப்பு விட்டிருக்கும். எரியும்போது அந்த முகத்தில் நுரை கட்டிச் 'சுர்' என்று கொதித்தால், நீ இன்னும் தண்ணீரைத்தான் எரிக்கிறாய். ஈரம் அளக்கிற சின்னக் கருவி உங்கள் ஊர்க் கடையில் கிடைக்கும். கட்டையைப் பிளந்து உள்முகத்தில் குத்திப் பார். 20 சதவீதத்துக்குக் கீழே வந்தால் போடு. ஓக் என்றால் பிளந்து அடுக்கி இரண்டு கோடை காத்திருக்க வேண்டும்.

வேலிக்கருவைதான் இங்கே இப்போதும் ராஜா. 2017ல் கோர்ட் உத்தரவு வந்து வெட்டித் தள்ளினார்கள், திரும்ப முளைத்து நிற்கிறது. கண்மாய்க்கு அது கேடு, அடுப்புக்கு அதைவிட நல்ல விறகு இல்லை. நாலு துண்டில் ஆத்தாவுக்கு வெந்நீர் ஆகிவிடும். புகையே கண்ணில் படாது.

சிலதை எந்த அடுப்பிலும் வைக்கவே கூடாது. இங்கே அரளி. அங்கே பாய்சன் ஐவி என்கிற நச்சுக் கொடி, அதன் புகை நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. கிளைகளில் சுற்றியிருக்கிறதா என்று தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு பார்த்துவிட்டுத் தொடு. இன்றைக்குக் கிறிஸ்துமஸ். பண்டிகை முடிந்ததும் அந்த மரத்தை உள்ளே தள்ளிவிடாதே, பிசின் குபீரென்று பிடிக்கும். பெயின்ட் அடித்த பலகையும் வேண்டாம். இங்கே ஊரில் உங்கள் தெருவில் கோடி வீட்டைப் பிரிக்கிறார்கள், உனக்கு வருத்தமாகத்தான் இருக்கும். பர்மா தேக்குத் தூணெல்லாம் காரைக்குடிப் பழைய சாமான் கடைகளுக்குப் போய்விட்டது. மிச்ச ஜன்னல் சட்டங்களை விறகுக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று மேஸ்திரி சொன்னார். அந்தக் காலத்துப் பச்சைப் பெயின்ட், அதில் ஈயம் இருக்கும். வேண்டாம் என்றுவிட்டேன். அந்த வீட்டு வளவுத் தாழ்வாரத்தில் நின்று ஒருதரம் மேலே பார்த்தேன். ஓடு இறக்கியாகிவிட்டது, வானம் தெரிந்தது. சூட்டை வெளியே அனுப்பத் தெரிந்து கட்டின வீடுகள் இவை. நீ சூட்டை உள்ளே பிடித்துவைக்கிற வீட்டில் இருக்கிறாய்.

அதனால் பாய்லர் பற்றி மூன்று விஷயம் கேட்கிறேன். சூட்டைச் சேமிக்கத் தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கிறாயா? இல்லாவிட்டால் வீடு சூடானதும் பாய்லர் காற்றை அடைத்துக்கொண்டு புகைய ஆரம்பிக்கும். நான் அடிக்கதவைச் சாத்தின கதைதான். 1000 லிட்டர் தொட்டியை 50 டிகிரியிலிருந்து 80க்கு ஏற்றினால் 30,000 கிலோ கலோரி அதில் நிற்கும். ஒரே மூச்சில் நன்றாக எரித்துவிட்டு, மெதுவாக எடுத்துச் செலவழிக்கலாம். இரண்டாவது, வீட்டைச் சுற்றிவிட்டுத் திரும்புகிற தண்ணீர் 60 டிகிரிக்குக் கீழே பாய்லருக்குள் நுழையக் கூடாது. குளிர்ந்த இரும்பில் புகை வியர்க்கும், தாரும் துருவும் சேரும். அதைத் தடுக்கிற கலப்பு வால்வு இருக்கிறதா பார்.

மூன்றாவதுதான் என்னைத் தூங்கவிடாதது. பனிப்புயலில் கரண்டு போய்விடும் என்று எழுதியிருந்தாய். பம்ப் நின்றாலும் உள்ளே விறகு எரிந்துகொண்டேதான் இருக்கும், எண்ணெய் மாதிரி சட்டென்று அணைக்க முடியாது. தண்ணீர் கொதித்து ஆவி சேரும். பம்ப் இல்லாமலே தானாக ஏறி இறங்கிச் சூட்டை வாங்கிக்கொள்கிற மாதிரி ஒரு சுற்றுக் குழாய் போட்டிருக்கிறார்களா? சேஃப்டி வால்வு எங்கே இருக்கிறது, அதன் வாய் எந்தப் பக்கம் திறக்கிறது? பொருத்தினவர்களைக் கூப்பிட்டுக் கேள், நீயும் நேரில் போய்க் கையால் தொட்டுப் பார்.

சாம்பலை மூடி போட்ட இரும்பு வாளியில் எடு. உள்ளே கங்கு நாலு நாள்கூட உயிரோடு இருக்கும். ஆறினதும் தோட்டத்தில் தூவு, இங்கே நான் தென்னைக்குத்தான் போடுகிறேன்.

பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் ஆத்தா இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள். பனியில் பிள்ளையை எப்படிக் குளிப்பாட்டுகிறார்கள் என்று கேட்கிறாள். அதையும் எழுது. கரண்டு போனால் பம்புக்கு என்ன வழி என்பதை மட்டும் கடிதத்துக்குக் காத்திருக்காமல் போனில் சொல்லிவிடு.

அன்புடன்,
உன் மச்சான்